வெள்ளிமலைக்குப் போன கான்கிரீட் பம்ப்

கள்ளக்குறிச்சி
7 ஜூலை 2025

பிரிட்டோ,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் கைபேசி எண்ணைத் தடுத்து வைத்தேன். பிறகுதான் முகம் கழுவினேன். நேற்று நீ வெள்ளிமலையிலிருந்து கத்தியதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதி, ஒரு தம்பி அக்காவிடம் பேசுகிற பேச்சாக இல்லை. இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு. எழுதுகிறவன் அடுத்த வார்த்தைக்கு முன்னால் கொஞ்சமாவது யோசிக்க வேண்டியிருக்கும். எனக்கும் அந்தக் கட்டுப்பாடு தேவைதான். உதிரி சாமான் பையைக் காலை பஸ்ஸில் கண்டக்டர் தமிழழகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடு.

நான் களமருதூருக்குச் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, நீ பட்டறையைத் திறந்து பம்பை டிராக்டரில் மாட்டி மலைக்கு ஏற்றிவிட்டாய். அங்கே விடுதி கட்டுகிற கான்ட்ராக்டர் ராஜாங்கத்திடம் வேலைக்கு ஒப்புக்கொண்டதை என்னிடம் சொல்லவில்லை. நான் திரும்பி வந்தபோது பம்ப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும், நான் ஹாப்பரில் கட்டியிருந்த சிவப்புத் துணியும் கிடந்தன. துணியை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதை ஏன் கட்டினேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் அவிழ்த்திருக்கிறாய். ஆகவே தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கலவை கொட்டுகிற ஹாப்பர் வாயில் கம்பி ஜல்லடை இருக்கிறது. அதற்குக் கீழே கலவையைக் கிளறுகிற இரும்புக் கரம் சுற்றுகிறது. அதற்கும் கீழே வளைந்த குழாய் ஒன்று இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருக்கிறது. அது அடிக்கிற வேகத்துக்குக் கையை இழுத்துக்கொள்ள மனிதனால் முடியாது. ஜல்லடையைத் தூக்கினால் எல்லாம் உடனே நின்றுவிட வேண்டும். நிறுத்துவதற்காகத்தான் கீலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன சுவிட்ச். அதற்குள் சிமெண்ட் தண்ணீர் இறங்கி அது கெட்டுவிட்டது. மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துகிறது. புதியது சென்னையிலிருந்து வர வேண்டும்.

அது வரும்வரை ஒரே வழிதான். அப்பா காலத்திலிருந்து நம் பட்டறையில் உள்ள வழக்கம் அது. ஹாப்பருக்குள் கை போக வேண்டுமென்றால் எஞ்சின் நிற்க வேண்டும். எஞ்சின் சாவி, கையை உள்ளே விடப்போகிறவன் இடுப்பில் இருக்க வேண்டும். ஆபரேட்டரிடமோ முதலாளியிடமோ அது இருக்கக் கூடாது. சரத்குமார் உன்னோடு வந்திருப்பதாக அவன் மனைவி இலக்கியா சொன்னாள். கருணாபுரத்திலிருந்து நம்மிடம் வந்த நாள் முதல் அவனுக்கு இந்த வழக்கம் தெரியும். நீ மறந்தால் அவனைக் கேள்.

பிஸ்டன் ரப்பரும் கிரீஸும் பையில் இருக்கின்றன. தண்ணீர்ப் பெட்டியைத் தினமும் திறந்து பார். தண்ணீர் வெளுத்திருந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்று. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன்.

எஸ்தர்

வெள்ளிமலை
9 ஜூலை 2025

அக்கா,

பை வந்தது. ரப்பர், கிரீஸ், திட்டு, மூன்றும் உடையாமல் வந்து சேர்ந்தன.

எண்ணைத் தடுத்துவிட்டாயாமே. இங்கே தண்ணீர் டேங்க் மேட்டில் ஏறி ஒரு மூலையில் நின்றால்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் நின்று, அடித்து அடித்துப் பார்த்தேன். பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் “இன்னா தம்பி, பொண்டாட்டி கோவமா?” என்று கேட்டார். அக்கா என்றேன். அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீ பி.எஸ்சி. பிசிக்ஸ். நான் பிளஸ் டூ பெயில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை பிடித்து வருகிறவன் யார்? ராஜாங்கம் அண்ணனிடம் நான் போய் நிற்காவிட்டால் இந்த மாசம் பம்ப் உன் பட்டறையில் துடைத்த பொம்மை மாதிரி நின்றிருக்கும். உனக்கு அதுதான் பிடிக்கும். வேலைக்குப் போனால் அழுக்காகும், தேயும், உடையும். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும். உன்னிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. விடுதிக் கட்டடம் சரிவில் நிற்கிறது. கலவை கீழே கலந்து மேலே தள்ளுகிறோம். பைப் லைன் மேட்டுமேல் பாம்பு மாதிரி ஏறுகிறது. அந்தச் சுவிட்ச் நினைத்த நேரத்தில் வண்டியை நிறுத்துகிறது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் மேலே இருக்கிற ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். சூப்பர்வைசர் பகலவன் என்று ஒருத்தன். “இன்னா பிரதர், வண்டி மூச்சு வாங்குதா? உங்க அக்காவ ஒரு நடை கூட்டியாந்து தடவிக் குடுக்கச் சொல்லுங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

தியாகதுருகம் உனக்கு மறந்துவிட்டதா? மே மாசம், கல்யாண மண்டபத்து வேலை. வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எழுந்து வந்து பார்த்தால் லைன் முழுதும் கல். ஒவ்வொரு பைப்பாகக் கழற்றிச் சுத்தியலால் அடித்தோம். உனக்கும் கை கொப்பளித்தது. பாதிப் பைப்பைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஓடுகிற லைனை இனி எதற்கும் நிறுத்துவதில்லை என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

அதனால் சுவிட்ச்சுக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். இப்போது நிற்காமல் ஓடுகிறது. என்ன வழி என்று கேட்காதே.

சரத் நல்லா வேலை செய்கிறான். குளிர்தான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கினு திரிகிறான்.

பிரிட்டோ

கள்ளக்குறிச்சி
10 ஜூலை 2025

பிரிட்டோ,

கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்கவே தேவையில்லை. சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பாய். இனி ஜல்லடையைத் தூக்கினாலும் உள்ளே எதுவும் நிற்காது. இதைத்தான் நீ வழி என்கிறாய்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் டேப்பைப் பிரி. பம்பைக் கீழே அனுப்பு. ராஜாங்கம் வேறு பம்ப் பார்த்துக்கொள்ளட்டும். நானே ஏறி வந்துவிடுவேன், ஆனால் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன். வேளை தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டு ஆயம்மாளிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு வரத்தான் போகிறேன். வந்தால் ராஜாங்கத்தின் ஆட்கள் எல்லாரும் பார்க்கத்தான் நான் பேசுவேன். அதற்கு முன்னால் நீயே இறக்கிவிடுவது உனக்கு மரியாதை.

துடைத்த பொம்மை என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை நேற்றிலிருந்து மனத்தில் கிடந்து அறுக்கிறது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். அப்பா படுத்த பிறகு பட்டறைச் சாவியை வாங்கினேன். வாங்கும்போது அது ஒரு வருஷத்து வேலை என்றுதான் நினைத்தேன். இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. பம்பின் பில், இன்சூரன்ஸ் எல்லாம் என் பெயரில் இருக்கின்றன. என் கையில் ஸ்பேனர் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, “மெக்கானிக் இல்லீங்களா மேடம்?” என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். நீ ஒருவன்தான் என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு சத்தம் கேட்டால் “அக்கா, இது எங்கருந்து வருது?” என்று என்னிடம்தான் ஓடி வருவாய். அந்த நீ, என் துணியை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். வேறு எவனாவது செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்தப் பகலவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் சிரிப்பதற்காகவா வயரை முறுக்கினாய்?

டேப்பைப் பிரி.

எஸ்தர்

வெள்ளிமலை
14 ஜூலை 2025

அக்கா,

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சரத்துக்குக் கை போய்விட்டது. கை என்றால் விரல்கள். வலது கை. கட்டைவிரல் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார்.

நான்தான் ஜீப்பில் அவனை மடியில் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கொண்டுவந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வழியெல்லாம் அவன் சத்தமே போடவில்லை. நம் தெருமுனைவரை வந்தேன். பட்டறைக் கதவு திறந்திருந்தது. திரும்பிவிட்டேன்.

ஸ்லாப் பாதியில் இருந்தது. ஜல்லடையில் கம்பி வளைந்த சந்தில் பெரிய கல் ஒன்று இறங்கிக் குழாய் வாயில் மாட்டிக்கொண்டது. அவன் ஜல்லடையைத் தூக்கிக் கையை விட்டான். அவ்வளவுதான்.

உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. ஸ்லாப் முடிந்ததும் பிரிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

ராஜாங்கம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “குடிச்சிட்டு வேலைக்கு வந்தான்னு ஒரு வார்த்த சொல்லு போதும். கருணாபுரத்து ஆளு. எவனும் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டான்” என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேலை முடிகிறவரை நான் மலையைவிட்டு இறங்கக் கூடாது என்கிறார். வேறு பம்ப் வருகிறது, நம் பைப் லைனில்தான் அதை ஓட்டப்போகிறார்கள்.

நம் பம்ப் லாரியில் கீழே வருகிறது. இருபத்து மூன்றாம் தேதி விபத்தை விசாரிக்கிற அதிகாரி ஒருவர் பட்டறைக்கு வந்து பம்பைப் பார்ப்பாராம். புதிய சுவிட்ச் பார்சல் வந்துவிட்டது என்று தமிழழகன் சொன்னார். அதை மாட்டிவிடு அக்கா. வயரைப் பழையபடி ஆக்கிவிடு. உன் கை பட்டால் இடையில் ஒருத்தன் தொட்டான் என்பதே தெரியாது. உன் வேலை அவ்வளவு சுத்தம். இந்த ஒரு தடவை.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

பிரிட்டோ

கள்ளக்குறிச்சி
17 ஜூலை 2025

பிரிட்டோ,

“அவன் ஜல்லடையைத் தூக்கிக் கையை விட்டான். அவ்வளவுதான்.” இதை எழுதும்போது உன் பேனா எங்கேயும் தடுக்கவில்லையா?

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சரத்தின் கை மேலே கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். படு என்றேன். ஹாப்பரைக் கழுவினார்களா என்றுதான் முதலில் கேட்டான். கழுவாமல் விட்டால் இறுகிவிடுமே என்று அவனுக்குக் கவலை. பிறகு, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னான்.

“அண்ணங்கிட்ட சாவி கேட்டேன்க்கா. நிறுத்துனா லைன் செட்டாயிடும்டா, சுருக்க எட்த்துடுன்னாரு. ராஜாங்கம் சார் வேற நின்னு பாத்துக்கினு இருந்தாரு. நான் கைய வுட்டேன்.”

உன்னைத் திட்டிச் சொல்லவில்லை. ஏதோ நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். நீ எழுதாமல் விட்ட வாக்கியம் அதுதான். சாவி கேட்டான். நீ கொடுக்கவில்லை.

இலக்கியா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உங்கள் ஆட்கள் கிளப்பிய பேச்சு அவள் காதுக்கு வந்திருக்கிறது. அவள் மாமனார் போன வருஷம் ஜூனில் கருணாபுரத்தில் அத்தனை பேரைக் கொன்ற அந்த விஷச் சாராயத்தில்தான் போனார் என்பது உனக்குத் தெரியும். நீதான் அன்றைக்குச் சரத்தோடு பிணவறை வாசலில் நின்றாய். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அன்னிலருந்து எங்க வூட்ல இருமலுக்கு டானிக் கூட வாங்கறதில்லக்கா, அதுல கலக்கறாங்கன்னு. கொழந்த ராத்திரியெல்லாம் இருமினாலும் சுக்குத் தண்ணிதான். இவரப் போயி குடிச்சிட்டு வந்தாருன்றாங்க. உங்க தம்பியா அப்டி சொன்னாரு?”

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை எப்படி அவளிடம் சொல்வது? அந்தத் தெருவில் ஒருவன் குடித்தான் என்று வெளியே யார் சொன்னாலும் ஊர் தலையாட்டும். அது ராஜாங்கத்துக்குத் தெரிகிறது. உனக்கும் தெரிகிறது. அவனுக்குப் போனது விரல். நீங்கள் இப்போது கேட்பது அவன் வீட்டார் நிமிர்ந்து நடக்கிற நடை. குடித்தவன் என்று எழுதிவிட்டால் அவனுக்கு வர வேண்டிய ஈட்டுத்தொகையும் வராது, நாளைக்கு இடது கையால் செய்கிற வேலைக்குக்கூட எவனும் கூப்பிடமாட்டான்.

பம்ப் வந்துவிட்டது. ஒருவரும் கழுவவில்லை. ஹாப்பர் முழுவதும் இறுகிக் கிடந்தது. ரத்தம் இருக்கும் என்று பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். சிமெண்ட் எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. உளியும் சுத்தியலுமாக நானே உட்கார்ந்து உடைத்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. கையும் தோளும் வீங்கிவிட்டன. சில்லு சில்லாக உடைந்து விழும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன், வாய்விட்டு. ஆயம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உடைக்க உடைக்க ஒன்று உறைத்தது. தியாகதுருகத்தில் லைன் இறுகியது மே மாதத்து வெயிலில். பைப்பைத் தொட்டால் கை சுட்டது. நாம் சாப்பிட்டு, கதை பேசி, அப்புறம்தான் எழுந்தோம். நீ இருப்பது வெள்ளிமலை. ஜூலை மாதம். அவன் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு திரிகிறான் என்று நீயே எழுதினாய். அந்தக் குளிரில், ஒரு கல்லை எடுத்துப் போடுகிற நேரத்தில், எந்தக் கான்கிரீட் இறுகும்? நீ கீழே கற்ற பயத்தை மலைக்கு மேலே கொண்டுபோயிருக்கிறாய். அங்கே குளிருகிறதே என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ராஜாங்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பகலவன் சிரிப்பான். உன் பயம் அவர்கள்தான். கான்கிரீட்மேல் பழியைப் போடாதே.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன் மாமியார் வீட்டிலிருந்து யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். நேற்று முழுவதும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சோறு போடும்போது, “கூடப் பொறந்தவன காட்டிக் குடுத்துட்டு நீ இன்னா ராணியா வாழப்போற?” என்றார்கள். நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே அம்மா என்றேன். “செய்வ. உன் மூஞ்சியில தெரியுது” என்றார்கள். கண்ணுக்குக் கட்டுப் பிரித்தும் எனக்கு இதுதான் பலன்.

சுவிட்ச் பார்சல் மேசைமேல் இருக்கிறது. பிரிக்கவில்லை.

எஸ்தர்

வெள்ளிமலை
20 ஜூலை 2025

அக்கா,

நீ எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு மூன்று வேளை சாப்பிடவில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். விடு.

சரி, சாவி கேட்டான். நான் கொடுக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன். உனக்குத் திருப்தியா?

ஆனால் நீயும் யோசித்துப் பார். பம்ப் உன் பெயரில். இன்சூரன்ஸ் உன் பெயரில். பழுதுள்ள சுவிட்சோடு வண்டி வேலைக்குப் போனது என்றால் முதலில் யாரைக் கேட்பார்கள்? என்னையா? இன்னொன்று. வயரைச் சேர்த்தால் வண்டி நிற்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? தியாகதுருகத்தில் நீதான் என் கண் முன்னால் சேர்த்துக் காட்டினாய். நான் கீழே விழுந்தால் நீ எனக்கு முன்னாலேயே விழுவாய். இதை மிரட்டலாக எழுதவில்லை. இல்லை, மிரட்டல்தான். வேறு வழி தெரியவில்லை.

நீ மட்டும் எண்ணைத் தடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு உன்னிடம் கேட்டிருப்பேன். நீ நிறுத்துடா என்று ஒரு அதட்டல் போட்டிருப்பாய். நான் நிறுத்தியிருப்பேன். சின்ன வயதிலிருந்து அதுதானே நடக்கிறது. நீ சொல்வாய், நான் கேட்பேன். ஒரு தடவை என் இஷ்டத்துக்கு ஒரு வேலையை முடித்துக் காட்டலாம் என்று வந்தேன். அதுதான் நான் பண்ணின பாவம்.

என் பெண் சந்தியா இந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அப்பன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறான் என்று அவளிடம் யார் சொல்வது? நீ சொல்வாயா? உன்னைத்தான் அவள் பெரியவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரத்துக்கு நான் செய்வேன் அக்கா. காலம் பூராவும் செய்வேன். அவனை என் கூடவே வைத்துக்கொள்வேன். அதற்கு நான் வெளியே இருக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும். குடித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ராஜாங்கம் சொன்னால் சும்மா நிற்பேன். அவ்வளவுதான் என்னால் முடியும். சுவிட்சை மட்டும் மாட்டு.

இங்கே புது பம்ப் ஓடுகிறது. அதன் ஜல்லடையை எவனாவது தூக்கினால் தள்ளிப்போய் நின்றுகொள்கிறேன்.

பிரிட்டோ

கள்ளக்குறிச்சி
22 ஜூலை 2025

பிரிட்டோ,

முதலில் உன் மிரட்டலுக்குப் பதில். தியாகதுருகத்தில் நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும் விளக்கு எரிகிறதா என்று பார்க்க, இரண்டு வயரையும் ஒரு கணம் தொடவைத்தேன். பழுது சுவிட்சில்தான் என்று தெரிந்ததும் பிரித்து, சுவிட்சிலேயே மறுபடி மாட்டி வைத்தேன். நோயைப் பார்க்க நாக்கை நீட்டச் சொன்ன டாக்டரைக் காட்டி, அவர்தான் நாக்கை நீட்டிக்கொண்டு திரியச் சொன்னார் என்கிறாய். இதை எங்கே வேண்டுமானாலும் சொல். எவர் கேட்டாலும் நான் விளக்குவேன்.

என்னிடம் கேட்டிருப்பேன் என்கிறாய். டேங்க் மேட்டுக்கு ஏறிப்போய், டவர் பிடித்து, என்னை அழைத்து, அதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கி வருவதற்கு உனக்கு நேரம் இருந்திருக்கும், இல்லையா? சாவி உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ சொல்வாய், நான் கேட்பேன் என்று எழுதினாயே, அதைப் படித்தபோது கோபம் வரவில்லை. அது எங்கேயோ போய்க் குத்தியது. உன்னைச் சுற்றி என் குரல் எவ்வளவு சத்தமாக இருந்திருக்கிறது என்று யோசித்தேன். அதற்காக உன்மேல் இரக்கம் வந்தது. வந்த உடனே சரத்தின் கை நினைவுக்கு வந்தது. உன் வருத்தத்துக்கும் என் அதட்டலுக்கும் நடுவில் அவன் எதற்காகக் கையை விட வேண்டும்? அவன் நம் இருவருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. இரக்கம் மறுபடி கோபமாகிவிட்டது. இப்போது அது உன்மேல் மட்டும் இல்லை. அதுதான் வித்தியாசம்.

காலம் பூராவும் செய்வேன் என்கிறாய். செய்வாய், எனக்குத் தெரியும், உன் மனசு அப்படி. தீபாவளிக்குத் துணி எடுப்பாய், அவன் குழந்தையை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவாய். அவன் ஒவ்வொரு தடவையும் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். குடித்துவிட்டுக் கையைக் கொடுத்தவனை வைத்துக் காப்பாற்றுகிற நல்ல முதலாளி என்று ஊர் உன்னைச் சொல்லும். அவனுக்கு உரிமையாக வர வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு பிச்சையாகத் திருப்பிக் கொடுப்பது அது. ராஜாங்கம் சொல்லும்போது சும்மா நிற்பேன் என்பதும் சொல்வதும் வேறு வேறா?

இன்று காலை அம்மா பூசைக்குப் போன நேரத்தில் பார்சலைப் பிரித்தேன். பெட்டிக்குள் சுவிட்ச் பளபளவென்று இருந்தது. மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர், வயர் கட்டர். ஹாப்பர் கீலுக்குப் பக்கத்தில் குனிந்து, நீ சுற்றிய டேப்பைத் தொட்டுப் பார்த்தேன். அதன்மேல் சிமெண்ட் தூள் படிந்து காய்ந்திருந்தது. பிரிக்க நகம் போதும். புதியதை மாட்டி, பழைய சிமெண்ட் தூளைக் கொஞ்சம் மேலே பூசிவிட்டால், பல மாதம் அங்கேயே இருந்த சுவிட்ச் மாதிரி ஆகிவிடும். அந்தத் தூளைப் பூசும் யோசனை எனக்குத் தானாக வந்தது. நீகூட அதை எழுதவில்லை. ஒரு இயந்திரத்தைச் சரியாக்குகிற அறிவு இருந்தால், அதைப் பொய்யாக்குகிற அறிவும் அதே கையில் இருக்கிறது. என் கை எனக்கு முன்னால் போயிற்று. டேப்பின் முனையைத் தூக்கியும் விட்டேன்.

சந்தியாவை நினைத்தேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பட்டறையில் என் மடியில் உட்கார்ந்து நட்டுகளைப் பெரிது சிறிதாக அடுக்குவாள். அம்மாவை நினைத்தேன். உன்னை நினைத்தேன், ஜீப்பில் அவனை மடியில் போட்டுக்கொண்டு வந்த உன்னை. இந்தப் பம்பை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது என்றும் நினைத்தேன். பள்ளியில் இனி யார் என்னைச் சேர்ப்பார்கள்? அழுதேனா என்று கேட்காதே.

பிறகு டேப்பின் முனையை இருந்த இடத்திலேயே அழுத்தி ஒட்டினேன். சுவிட்சைப் பெட்டியில் வைத்து மூடினேன். பம்பைத் தார்ப்பாயால் மூடி, பட்டறையைப் பூட்டிவிட்டு, பூசை முடிந்து வந்த அம்மாவுக்குக் காபி போட்டேன். என்ன செய்தாய் என்று கேட்டார்கள். பட்டறையில் வேலை இருந்தது என்றேன். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். மருந்து விட்டதிலிருந்து கண் நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது.

நாளை அதிகாரி வருகிறார். இந்தக் கடிதத்தை நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றமாட்டேன். ஏற்றினால் மத்தியானத்துக்குள் நீ இறங்கி வந்து வாசலில் நிற்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நான் தளர்ந்துவிடுவேன், அந்த அளவு என்னை எனக்குத் தெரியும். அவர் வந்து போன பிறகு மறுநாள் தமிழழகனிடம் கொடுப்பேன். அதுவரை இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. இலக்கியாவிடம்கூட. நம்பிக்கை கொடுத்துவிட்டு நான் பின்வாங்கினால் அவள் தாங்கமாட்டாள்.

தார்ப்பாயை நானே விலக்கிக் காட்டுவேன். வயர்கள் நீ முறுக்கியபடியே இருக்கும். சரத் குடிக்கவில்லை, அவன் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதை எழுத்தில் கொடுப்பேன். இவ்வளவுக்கும் யார் பொறுப்பு என்று அவர் கேட்பார். என் பெயரை முதலில் சொல்வேன். அடுத்து உன் பெயரைச் சொல்வேன்.

எஸ்தர்